கன்றுக்குட்டிக்கு ஒரு கூனி வலை

தனபாக்கியம் திட்டினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். நுணாக்குடியில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், அதுவும் கொஞ்சம் பெருமையாகச் சொல்வார்கள். கீரைப் பாத்தியில் ஆடு மேய்ந்துவிட்டால் போதும். அந்த ஆட்டில் தொடங்கி, ஆட்டுக்காரரின் மாமியார் வரைக்கும் போய், ஒரு வார்த்தை இடறாமல் திரும்பி வருவாள். எல்லாம் ஒரே மூச்சில்.

ஆனால் அது இரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. இப்போது தனபாக்கியத்தால் ஒரு வாக்கியத்தைக்கூட முழுசாகத் திட்ட முடியவில்லை.

"அடியே ஞானா, பள்ளிக்கூடம் விட்டு எவ்வளவு நேரம்..." என்று ஆரம்பிப்பாள். நெஞ்சுக்குள் 'கொய்' என்று ஒரு சத்தம் கேட்கும். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள்.

"எவ்வளவு நேரம் ஆச்சு, எங்கடி ஊரைச் சுத்திட்டு வர்றே? அதானேம்மா கேக்க வந்தே?" என்று ஞானாவே முடித்துவைப்பாள்.

அம்மா ஆமாம் என்று தலையை ஆட்டுவாள்.

"சுந்தரி வீட்டுக்குப் போயிருந்தேன். இனிமே சொல்லிட்டுப் போறேம்மா."

தனக்கு விழுகிற திட்டைத் தானே முடித்துவைக்கிற பெண் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே ஞானாம்பாள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஐந்தாம் வகுப்பு படித்தாள். திட்டு வாங்குவதில் அவளுக்கு நல்ல அனுபவம் இருந்ததால், அம்மா அடுத்து என்ன சொல்வாள் என்பது அத்துப்படி.

அம்மாவை நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது ஞானாவும் கூடப் போயிருந்தாள். டாக்டர் ஹமீதா பானு, அம்மாவின் முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"பீடி குடிக்கிற பழக்கம் உண்டாம்மா?" என்று விசாரித்தார்.

அம்மாவுக்கு வந்ததே கோபம்! "என்னைப் பார்த்தா பீடி குடிக்கிறவ..." அதற்குள் மூச்சு முட்டியது.

"மாதிரியா தெரியுதுன்னு கேக்கிறாங்க டாக்டர்" என்றாள் ஞானா.

டாக்டர் சிரித்துவிட்டார். "கோவிச்சுக்காதீங்க. எல்லார்கிட்டயும் கேக்கிற கேள்விதான். என்ன வேலை பார்த்தீங்க?"

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அம்மா அரிசி மில்லில் நெல் அவிக்கிற வேலை பார்த்தவள். பெரிய அண்டாவுக்கு அடியில் உமியைத் தள்ளித் தள்ளி எரிக்க வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் உமி அடுப்புதான்.

"அதான் விஷயம்" என்றார் டாக்டர். "பீடிப் புகையோ உமிப் புகையோ, நெஞ்சுக்கு ரெண்டும் ஒண்ணுதான். வருஷக்கணக்கா புகை போய்ப் போய் உள்ளே மூச்சுக்குழாய் சுருங்கிப் போச்சு. இது சளி மாதிரி நாலு நாள்ல போயிடாது, கூடவே இருக்கும். மாத்திரை தர்றேன். ஆனா மாத்திரையை விடப் பெரிய மருந்து ஒண்ணு இருக்கு. புகை இல்லாத காத்து."

"அது எந்தக் கடையில கிடைக்குங்க?" என்று கேட்டார் அப்பா துரைராசு. அவர் கேலிக்குக் கேட்கவில்லை. பயத்தில் அப்படி வாய்க்கு வந்துவிட்டது.

"கடையில கிடைக்காது. நீங்கதான் வீட்டுல செஞ்சுக்கணும்" என்றார் டாக்டர்.

அப்பா அன்றைக்கே செய்தார். அடுப்பைப் பெயர்த்துக்கொண்டுபோய்க் கொல்லையின் கடைசி மூலையில், காற்று வெளியே போகிற பக்கமாகப் போட்டார். உமியை நிறுத்திவிட்டு நன்றாகக் காய்ந்த விறகாகப் பார்த்து வாங்கினார். அம்மா மில் வேலையை விட்டாள். சமையலையும் அப்பாவே எடுத்துக்கொண்டார். அவர் வைத்த ரசத்தைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்லாமல் இருப்பதே மரியாதை. ஆனால் அம்மா தேறினாள். வாய்க்கால் வரை நடந்துபோய், படித்துறையில் கொஞ்சம் உட்கார்ந்து, நடந்தே திரும்பி வருவாள்.

கார்த்திகை முடிகிற சமயத்தில் எல்லாம் கெட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் நீலமேகம் மாமாவின் வீடு. அவருடைய மாட்டுக் கொட்டகை வேலியை ஒட்டியே இருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் அங்கிருந்து புகை கிளம்ப ஆரம்பித்தது. மாட்டைக் கொசு கடிக்காமல் இருக்க மூட்டம் போடுவது நுணாக்குடியில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். உமியையும் ஈர வைக்கோலையும் குவித்து, உள்ளே ஒரு நெருப்புத் துண்டைச் செருகி, மேலே நொச்சி இலையைப் போட்டுவிட்டால் அது எரியாது. புகைந்துகொண்டே கிடக்கும். ஆனால் எல்லா வீட்டிலும் ஒரு கூடை அளவுக்குத்தான் போடுவார்கள். நீலமேகம் மாமா போட்டது வைக்கோல்போரின் தம்பி மாதிரி இருந்தது.

"வேணும்னே போடுறான்" என்றார் அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. அப்பாவும் நீலமேகம் மாமாவும் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தார்கள். அடுத்தடுத்த வயல். நடுவில் ஒரு முழ அகலம்கூட இல்லாத ஒரு வரப்பு. இருவரும் சேர்ந்து அதற்கு மண் போட்டு, சேர்ந்தே அதில் உட்கார்ந்து கஞ்சி குடித்தவர்கள்தான்.

மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாறி ஐந்தாறு வருடம் ஆகியிருந்த காலம் அது. குத்தகை நிலத்தை யார் உழுகிறார்களோ அவர் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. ஊர் ஊராகக் கூட்டம், கொடி, ஊர்வலம். நுணாக்குடிக்கும் சங்கிலியோடு ஆள் வந்து நிலத்தை அளந்தார். அளந்து முடித்ததும் அந்த வரப்பு 'என்னுது, உன்னுது' என்று ஆகிவிட்டது. பேச்சு நின்றது. அப்பா ஒரு கட்சியின் கூட்டத்துக்குப் போனால், நீலமேகம் மாமா அதற்கு எதிர்க்கட்சிக் கூட்டத்துக்குப் போனார். இரண்டு வீட்டுக் கோழிகள் மட்டும் எந்தக் கட்சியிலும் சேராமல் இரண்டு கொல்லையிலும் மேய்ந்தன.

தாசில்தார் விசாரணைக்கு வரச் சொல்லி தாலுக்கா ஆபீசிலிருந்து ஆள் வந்த அதே வாரத்தில்தான் பெரிய மூட்டம் ஆரம்பித்தது. அப்பா பின்னே வேறு எப்படி நினைப்பார்?

"போய்ச் சொல்லுங்களேன்ப்பா" என்றாள் ஞானா.

"கேஸ் நடக்கிறப்ப நான் போய் அவன் வாசல்ல நின்னா, துரைராசு பணிஞ்சு போயிட்டான்னு ஊரே சொல்லும். விசாரணையில எல்லாத்தையும் சேர்த்துப் பேசிக்கிறேன்."

விசாரணைக்கு இன்னும் நிறைய நாள் இருந்தது. அம்மாவுக்கு ஒவ்வொரு மாலையும் பெரும்பாடாக இருந்தது. மார்கழி வந்ததும் புகை மேலே போக மறுத்தது. பனியில் அமுங்கி, வேலி இடுக்கில் நுழைந்து, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஞானா ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணியைச் செருகினாள். அம்மா படுக்க முடியாமல், சுவரில் முதுகைச் சாய்த்து, வாயைத் திறந்து காற்றைத் தேடினாள்.

ஒரு நாள் மாலை அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு ஓடினாள். அப்பா கேட்காவிட்டால் போகட்டும், நெருப்பு தண்ணீருக்குக் கட்டுப்படாமலா போகும்? வேலிக்கு மேலாகக் குடத்தைச் சாய்த்து, மூட்டத்தின் தலையிலேயே ஊற்றினாள்.

அடுப்பில் தண்ணீர் ஊற்றினால் அணையும். உமிக் குவியலில் ஊற்றினால் என்ன ஆகும் என்று ஞானா யோசித்திருக்க வேண்டும். 'புஸ்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி, வெள்ளை வெளேரென்று புகை பொங்கி வந்தது. முன்பு வந்த புகையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அது நேராக ஞானா வீட்டுக்குள்தான் போனது.

அப்பா அம்மாவை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரைக்கு ஓடினார். ஞானா மாத்திரையும் சொம்புத் தண்ணீருமாகப் பின்னால் ஓடினாள். படித்துறையில் உட்கார்ந்து, அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அம்மா மூச்சுக்குப் போராடினாள். நல்ல காற்று பட்டு, மாத்திரை வேலை செய்து, அந்தச் சத்தம் அடங்குவதற்குள் நன்றாக இருட்டிவிட்டது.

"நான்தாம்மா தண்ணி ஊத்தினேன்" என்று ஞானா அழுதாள்.

அம்மா அவள் தலையில் கையை வைத்தாள்.

அந்தக் கையின் கனத்திலேயே ஞானா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். கேஸ் நடப்பது அப்பாவுக்கும் நீலமேகம் மாமாவுக்கும். அவர்கள் பேச வேண்டாம். தண்ணீர் ஊற்றியது தான் என்பதால், போய்ச் சொல்ல வேண்டியதும் தான்தான்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடப் பையோடு மாமாவின் கொட்டகைக்குப் போய் நின்றாள். கொட்டகையின் திறந்த பக்கத்தில் கோணிப்பைகள் தொங்கின. கன்று பிறந்த புதிதில் வெளியாட்களின் கண் பட்டுவிடக் கூடாது என்று அப்படி மறைத்துவைப்பார்கள்.

"நேத்து மூட்டத்துல தண்ணி ஊத்தினது நான்தான் மாமா" என்றாள்.

கோணிப்பையை விலக்கிக்கொண்டு நீலமேகம் மாமா வெளியே வந்தார். கண்கள் சிவந்திருந்தன. "ஊத்திட்டு அதைச் சொல்ல வேற வந்தியா? உள்ள வந்து பாரு, நீ பண்ணின வேலையை!"

உள்ளே செவலைப் பசுவின் பக்கத்தில் கன்றுக்குட்டி படுத்திருந்தது. அதைப் பார்த்ததும் ஞானாவுக்கு வந்த காரியம் மறந்துபோனது. காது மடலெல்லாம் தடிப்பு. கண் இமை வீங்கி, ஒரு கண் பாதி மூடியிருந்தது. வயிற்றில் முடி கொட்டிப் புண்ணாகியிருந்தது. மாமாவின் மனைவி அம்சம் அத்தை அந்தப் புண்ணில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"மழைக்கு அப்புறம் கொசு அப்படி மொய்க்குது" என்றாள் அத்தை. "போன தடவை போட்ட கன்னு இப்படித்தான் எங்களை விட்டுப் போச்சு. இதையாவது காப்பாத்தணும்னுதான் மாமா மூட்டத்தைப் பெருசாப் போட்டாரு. நேத்து நீ அணைச்சதும் மறுபடி மொய்ச்சிடுச்சு."

ஞானாவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொல்ல வந்ததைச் சொல்லாமல் போகக் கூடாது. "அத்தை, அந்தப் புகையில எங்கம்மாவால மூச்சு விட முடியல. நேத்து வாய்க்கால் கரைக்குத் தூக்கிட்டு ஓடினோம்."

அத்தையின் கை நின்றது. "என்னடி சொல்றே? பாக்கியத்துக்கு நெஞ்சுல சளின்னுதானே சொன்னாங்க? நொச்சிப் புகை பட்டா சளி கரையும்னு நான்தானே தினமும் ஒரு கூடை நொச்சியைக் கூடுதலாப் போடச் சொன்னேன்! பேச்சு வார்த்தை இல்லாட்டியும் நம்மால ஆனது இதுவாவது செய்வோம்னு..."

பாருங்கள், வேலிக்கு இந்தப் பக்கம் பகைக்குப் போடுகிறார்கள் என்று பேச்சு. அந்தப் பக்கம் மருந்துக்குப் போட்டிருக்கிறார்கள்.

"சளி இல்லை அத்தை. உள்ளே குழாயே சுருங்கிப் போச்சாம். எந்த இலைப் புகையா இருந்தாலும் ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நீலமேகம் மாமா கன்றையும் வேலியையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் எங்கேயோ போய்விட்டது. "மூட்டத்தை எடுத்தா கன்னு தங்காது. போட்டா உங்கம்மாவுக்கு ஆகாது. நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு" என்றார்.

"யோசிச்சு சாயங்காலம் சொல்றேன் மாமா" என்றாள் ஞானா, வீட்டுப்பாடத்தைப் பற்றிப் பேசுவது போல. மாமாவுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது.

பள்ளிக்கூடத்தில் அன்று என்ன பாடம் நடந்தது என்று ஞானாவுக்குத் தெரியாது. கொசு, கன்று, புகை, அம்மா என்று இதையே சுற்றிச் சுற்றி நினைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் சுந்தரியோடு நடந்தாள். சுந்தரியின் வீடு சவுக்குத் தோப்பைத் தாண்டி, கடற்கரையில், மீனவர் தெருவில் இருந்தது. அவளுடைய அப்பா காயாரோகணம் வாசலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். உள்ளே சுந்தரியின் தம்பிப் பாப்பா பாயில் தூங்கியது. பாப்பாவைச் சுற்றி, மேலே கூரையிலிருந்து தரை வரைக்கும் மெல்லிய துணி போல என்னவோ தொங்கியது.

"அது என்ன சுந்தரி, திரையா?"

"கூனி வலை. பழசு. தம்பியைக் கொசு கடிக்காம இருக்க அம்மா கட்டிவிட்டாங்க."

கூனி என்பது நெல்மணி அளவுக்கு இருக்கும் குட்டி இறால். அதைப் பிடிக்கிற வலையின் கண்கள் அவ்வளவு நெருக்கமாக இருக்கும்.

"கொசு உள்ளே போகாதா?"

வெளியிலிருந்து காயாரோகணம் சொன்னார்: "கூனியே தப்ப முடியாத வலை பாப்பா அது. கொசு எங்கேருந்து நுழையும்?"

ஞானா அப்படியே நின்றுவிட்டாள். பிறகு ஒரே ஓட்டமாக அவர் முன்னால் வந்து நின்றாள். "இந்த மாதிரி பழைய வலை இன்னும் இருக்குங்களா? பெருசா வேணும்."

"வலை கேட்டு வந்த முதல் விவசாயி நீதான். வாய்க்கால்ல கூனி பிடிக்கப் போறியா?"

"இல்லைங்க. மாட்டுக்கு."

"மாட்டைப் பிடிக்கிற வலை என்கிட்ட இல்லையேம்மா" என்றார் அவர், முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல்.

ஞானா நடந்ததை எல்லாம் சொன்னாள். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். எழுந்து போய், பரணிலிருந்து ஒரு பெரிய சுருளை இறக்கினார். ஓரமெல்லாம் கிழிசல். நடுப்பகுதி மட்டும் நன்றாக இருந்தது. கிழிசலை அவரே இழுத்துக் கட்டியும் கொடுத்தார்.

"சும்மா வாங்கிட்டுப் போனா அம்மா திட்டுவாங்க" என்றாள் ஞானா.

"அப்படியா? உங்க வீட்டுக் கூரை மேல ஒரு பரங்கிக்காய் படுத்திருக்குதாமே. இவ்வளவு பெருசுன்னு சுந்தரி கையை விரிச்சுக் காட்டினா. அதைக் குடுத்துடு."

அந்தப் பரங்கிக்காயைப் பொங்கல் குழம்புக்கு என்று அம்மா கண்ணுக்குள் வைத்துப் பார்த்துவந்தாள். மூச்சு நன்றாக இருக்கிற நாளில் வாசலில் நின்று, அதை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவாள். ஆனால் பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அம்மாவுக்கு மூச்சு இன்றைக்கு வேண்டும்.

"சரிங்க" என்றாள்.

பரங்கிக்காய் சத்தமில்லாமல் கூரையை விட்டு இறங்கிப் போனது. அதைப் போர்த்தியிருந்த சாக்கு மட்டும், கீழிருந்து பார்த்தால் காய் இருப்பது போலவே மேலே கிடந்தது. வலை நீலமேகம் மாமாவின் கொட்டகைக்கு வந்தது.

"உங்கப்பன் குடுத்தனுப்பினாரா?" என்று மாமா சந்தேகமாகக் கேட்டார்.

"இல்லை மாமா. நான் கன்னுக்குட்டிக்குக் கொண்டுவந்தேன். கேஸ் உங்க ரெண்டு பேருக்கும்தானே? எனக்கும் கன்னுக்குட்டிக்கும் ஒரு கேஸும் இல்லையே."

மாமா கோணிப்பைகளைக் கழற்றிவிட்டு, வலையைத் தொங்கவிட்டார். மேய்ச்சலுக்குப் போயிருந்த செவலை திரும்பி வந்தது. கொட்டகை வாசலில் நின்று மோந்து பார்த்தது. கடல் வாடை! நுணாக்குடியில் நெல்லும் வைக்கோலும் மட்டுமே அறிந்த மூக்கு அது. 'பூர்' என்று ஒரு மூச்சு விட்டுவிட்டு, வந்த வழியே திரும்பி, பஸ் ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. மாமா பின்னால் ஓடினார். மாமாவின் பின்னால் ஞானா ஓடினாள்.

"பசுவே வேண்டாங்குது" என்று மாமா அதைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். "இது ஆகிற காரியமில்லை. மூட்டமே போட்டுடுறேன்."

அப்போது ஞானா வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு குரல் வேலியைத் தாண்டி வந்தது. ஒரு வருடமாக அந்தத் திசையில் வராத குரல்.

"அம்சம்! மீன் சட்டியை எதைப் போட்டுக் கழுவுவோம்? புளி கரைச்ச கழுநீர்ல..." அதோடு நின்றது.

ஞானா வாயைத் திறந்தாள். அவளுக்கு முன்னால் அம்சம் அத்தை முந்திக்கொண்டாள்.

"வலையை ஊறவைக்கச் சொல்றியா பாக்கியம்?"

வேலியின் மேலே அம்மாவின் தலை ஆமாம் என்று ஆடியது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு கழுநீர்ப் பானையைத் தேடி ஓடினாள். அந்த ஒரு மாலைக்கு மட்டும் மூட்டத்தைச் சின்னதாக, கொட்டகையின் மறுகோடியில் போட்டார் மாமா. அம்மா வாய்க்கால் படித்துறையில் உட்கார்ந்து அந்த மாலையைக் கழித்தாள்.

மறுநாள் வலை நன்றாக ஊறி, அலசி, வெயிலில் காய்ந்தது. கடல் வாடை போய்விட்டது. செவலை வந்து மோந்து பார்த்தது. அதற்குக் கழுநீர் என்றால் உயிர். நாக்கை நீட்டி வலையை ஒரு நக்கு நக்கிவிட்டு, மகாராணி மாதிரி உள்ளே போனது.

இனி வலையை மூன்று பக்கமும் இழுத்துக் கட்ட வேண்டும். ஒரு ஆளால் முடிகிற வேலை இல்லை. மாமா ஒரு முனையைக் கட்டினால் மறுமுனை அவிழ்ந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் அப்பா கீரைப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுவது போல நின்றிருந்தார். ஒரே செடிக்கு மூன்று சொம்பு ஊற்றிவிட்டார். கடைசியில் பொறுக்கவில்லை.

"ஞானா, அந்த முடிச்சு நிக்காதுன்னு சொல்லு" என்றார்.

"ஞானா, தெரிஞ்சவங்க வந்து போடலாம்னு சொல்லு" என்றார் மாமா.

இரண்டு பேருக்கும் நடுவில் நின்ற ஞானா வேலிப் படலைத் திறந்துவிட்டாள்.

அப்பா வந்தார். ஒரு கழியில் அவர், மறு கழியில் மாமா. "ஞானா, கயித்தை இழுக்கச் சொல்லு." "ஞானா, இழுத்தாச்சுன்னு சொல்லு." கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றுகொண்டு இப்படியே பேசினார்கள். ஞானாவுக்குக் கழுத்து வலித்தது. அந்த நேரம் பார்த்து செவலை மறுபடியும் வலையை நக்க வந்து, கழியை இடித்தது. வலை முழுவதும் சரிந்து இரண்டு பேர் தலையிலும் விழுந்தது.

உள்ளே கையும் காலும் தெரிந்தன. எது யாருடையது என்றுதான் தெரியவில்லை.

"உன் பக்கம் தூக்குடா நீலமேகம்!"

"நீ முதல்ல என் காலை விடு துரைராசு!"

சொன்ன பிறகுதான் நேராகப் பேசிவிட்டோம் என்பது இருவருக்கும் உறைத்தது. யார் முதலில் சிரித்தார்களோ, கொட்டகையே அதிர்ந்தது. இரண்டு பெரிய கூனிகள் வலையில் மாட்டிக்கொண்டு குலுங்குவதை அம்சம் அத்தை வாயில் கைவைத்துப் பார்த்தாள்.

அன்று மாலை மூட்டம் இல்லை. மாமா கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கியிருந்த பள்ளத்தையும் மண் போட்டு மூடினார். பொழுது சாய்ந்ததும் கொசுக்கள் வழக்கம்போல் வந்தன. வலையில் முட்டின, 'ஙொய்' என்று புலம்பின, போய்விட்டன. கன்றுக்குட்டி காதை ஆட்டாமல் தூங்கியது. ஞானா ஜன்னல் இடுக்கில் செருகியிருந்த துணிகளை எல்லாம் உருவிவிட்டாள். வயல் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வீட்டுக்குள் வந்தது. அம்மா பாயில் ஒருக்களித்துப் படுத்தாள். வெகு நாளைக்குப் பிறகு படுத்தாள்.

வரப்புக் கேஸ் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது தாலுக்கா ஆபீசில் அப்படியேதான் இருந்தது. விசாரணை நாளன்று அப்பாவும் மாமாவும் ஒரே பஸ்ஸில் போனார்கள். தாசில்தார் முன்னால் 'என்னுது, உன்னுது' என்று நன்றாகச் சண்டை போட்டார்கள். அதே பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஆளுக்குப் பாதி வேர்க்கடலையோடு திரும்பி வந்தார்கள்.

அம்மாவின் நோயும் போகவில்லை. மாத்திரை இருந்தது, வேகமாக நடந்தால் இரைப்பு இருந்தது. ஆனால் மாலை நேரங்கள் அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டன. கன்றுக்குட்டிக்குப் புண் ஆறி, புதிதாகச் செம்பட்டை முடி முளைத்தது.

பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் ஞானா வாசலில் கன்றுக்குட்டியோடு விளையாடிக்கொண்டிருந்தாள். அம்மா ஒரு கூடையோடு வெளியே வந்து கூரையை நிமிர்ந்து பார்த்தாள். காற்றில் சாக்கு விலகியிருந்தது. கொடி இருந்தது. இலை இருந்தது.

"ஞானா! எங்கடி என் பரங்கிக்காய்?"

ஞானா எழுந்து நின்றாள். "அது வந்தும்மா... வலைக்குப் பதிலா சுந்தரி அப்பாகிட்ட..."

அம்மா இடுப்பில் கையை வைத்தாள். மூச்சை இழுத்தாள்.

"ஏண்டி, ஊர்ல வேற காயே இல்லைன்னா என் பரங்கிக்காயைத் தூக்கிக் குடுத்தே, பூ விட்டதுலேருந்து ராத்திரி பகலா காவல் காத்து, அணில் கடிச்சிடாம சாக்கைப் போத்தி, பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்து வச்சிருந்தேனே, ஒரு வார்த்தை என்னைக் கேக்கணும்னு தோணுச்சாடி உனக்கு, நாளன்னிக்குப் பொங்கக் குழம்புல உன் தலையை அரிஞ்சா போடுவேன்!"

ஞானா, அம்மாவின் வாக்கியத்தை முடித்துவைக்க வழக்கம்போல் வாயைத் திறந்திருந்தாள். முடிக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. அம்மா எல்லாவற்றையும் தானே முடித்துவிட்டாள்.

கொல்லையிலிருந்து அப்பா கரண்டியோடு ஓடி வந்தார். வேலிக்கு மேல் அம்சம் அத்தையின் தலை எட்டிப் பார்த்தது. "என்னங்க, இங்க ஓடி வாங்களேன், பாக்கியம் திட்டுறா!" என்று அத்தை உள்ளே பார்த்துக் கத்தினாள். எதிர் வீட்டுக் கதவு திறந்தது. தெருக்கோடியில் யாரோ சைக்கிளை நிறுத்தினார்கள்.

அம்மா நிலையைப் பிடித்து, கொஞ்சம் நின்று, இன்னொரு முறை மூச்சை இழுத்தாள். ஞானா கன்றுக்குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, மீதித் திட்டுக்குக் காத்திருந்தாள்.